அடுப்படிச் சுவருக்கு மிச்சம் கிடக்கிற டைல்ஸே போதுமா?

தட்டுவடை அக்கா, அம்மாபேட்டை

எல்லோருக்கும் வணக்கம். சேலம் அம்மாபேட்டையில் மாமனார் கட்டிய வீடு. சமையல் மேடை கடப்பா கல், அதில் குறை ஒன்றும் இல்லை. மேடைக்குப் பின்னால் இருக்கும் சுவர்தான் தலைவலி. டைல்ஸ் கிடையாது. முதலில் பச்சை எனாமல், அதன் மேல் கிரீம் கலர் எனாமல். நான் சாயங்காலக் கடைக்குத் தினமும் தட்டுவடை பொரிக்கிறேன். பெரிய வாணலி, எண்ணெய் நன்றாகத் தெறிக்கும். பிசுக்கைத் துடைத்தால் பெயிண்டும் செதில் செதிலாகத் துணியோடு வந்துவிடுகிறது. அடுப்புக்கு நேர் பின்னால் இரண்டு கலரும் போய் சிமெண்ட் பூச்சே தெரிகிறது. தட்டுவடை செட்டுக்குத் துருவும் பீட்ரூட்டின் சாறு தனிக் கதை.

கொண்டலாம்பட்டியில் அண்ணன் போன வருஷம் வீடு கட்டினார். மிச்சப்பட்டதை எல்லாம் எங்கள் மாடியில் கொண்டுவந்து போட்டிருக்கிறார். 12-க்கு 18 சுவர் டைல்ஸ் சந்தனக் கலரில் 5 இருக்கிறது. அதே அளவில் கப்பு சாஸர் படம் போட்ட ஹைலைட்டர் டைல்ஸ் 3. தரைக்குப் போடுகிற 2-க்கு 2 டைல்ஸ் ஒன்று, மூலை உடைந்தது. கறுப்பு கிரானைட் பட்டை, 6 அங்குல அகலத்தில் 4 அடி நீளம், இரண்டு. அப்புறம் ஒரு சாக்கு நிறைய உடைந்த துண்டுகள், தரை டைல்ஸும் சுவர் டைல்ஸும் கலந்து.

சுவர் 8 அடி நீளம், மேடையிலிருந்து 2 அடி உயரம் மூடினால் போதும் என்று நினைக்கிறேன். ஆக 16 சதுர அடி. டைல்ஸ் எட்டும் சேர்த்து 12, கிரானைட் 4. கூட்டினால் 16 சரியாக வருகிறது. கணக்கில் வருவது சுவரில் வருமா?

கூலி, சாமான் எல்லாம் சேர்த்து 3,000 ரூபாய்க்குள் அடங்க வேண்டும். கடையில் போய்க் கேட்டால் "மேடையோடு சேர்த்து மாற்றிவிடுங்கள்" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். பெயிண்டை எடுக்காமல் அதன் மேலேயே ஒட்டலாமா என்பதும் தெரிய வேண்டும். கப்பு சாஸர் படம் எனக்குப் பிடிக்கவில்லை. அத்தைக்கு அதுதான் பிடித்திருக்கிறது. ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் பண்டிகைக்குச் சொந்தக்காரர்கள் வருவார்கள், கடையும் ஓடும். அதற்குள் வேலை முடிய வேண்டும்.

வாடகை வீடு, மேடவாக்கம்

அக்கா, இவ்வளவு யோசிக்கவே வேண்டாம். ஆன்லைனில் அலுமினியம் ஃபாயில் ஸ்டிக்கர் ரோல் கிடைக்கிறது, மார்பிள் டிசைன், டைல்ஸ் டிசைன் எல்லாம் இருக்கிறது. சில நூறு ரூபாய்தான். நாங்கள் வாடகை வீட்டில் அதைத்தான் ஒட்டியிருக்கிறோம். கத்தரிக்கோல் இருந்தால் போதும், கொத்தனாரே வேண்டாம். வீடு காலி பண்ணும்போது உரித்துவிடலாம்.

தட்டுவடை அக்கா, அம்மாபேட்டை

பக்கத்து வீட்டில் ஒட்டியிருக்கிறார்கள் தம்பி, பார்த்தேன். அவர்கள் இரண்டு பேருக்குச் சமைக்கிற வீடு. அதிலேயே அடுப்புக்குப் பின்னால் ஓரம் சுருண்டு, அந்தச் சுருளுக்குள் எண்ணெய் போய் உட்கார்ந்திருக்கிறது. எனக்குத் தினமும் இரண்டு மணி நேரம் வாணலி கொதிக்கும். தவிர என் சுவரில் பெயிண்டே நிற்கவில்லை, ஸ்டிக்கர் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்?

ரசமட்டம், கொண்டலாம்பட்டி

தங்கச்சி, நான் டைல்ஸ் வேலைதான் செய்தேன். இப்போது முட்டி வலி, பையன் செய்கிறான். நீங்கள் கேட்டதில் முக்கியமானது பெயிண்ட் விஷயம். எனாமல் மேல் அப்படியே ஒட்டினால் டைல்ஸ் பெயிண்டில்தான் ஒட்டும், சுவரில் ஒட்டாது. பெயிண்ட் எப்போது உரிகிறதோ அப்போது டைல்ஸும் கூடவே வரும். கீழே கொதிக்கிற எண்ணெய் இருக்கும்போது டைல்ஸ் விழுந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அதனால் கொத்தித்தான் ஆக வேண்டும். வீட்டுக்காரரிடம் சொல்லி, கொத்து சுத்தியல் வைத்து இரண்டு விரல் இடைவெளியில் சுவர் முழுக்கப் பொள்ளல் போடச் சொல்லுங்கள். தொங்குகிற பெயிண்டை எல்லாம் கம்பி பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டும். பிறகு சுடுதண்ணீரில் வாஷிங் சோடா கரைத்து நன்றாகக் கழுவி, நல்ல தண்ணீரில் இன்னொரு முறை கழுவிக் காய விடுங்கள். எண்ணெய் ஊறிய பூச்சில் எந்தப் பசையும் பிடிக்காது. கொத்தும்போதே சுவரைத் தட்டிப் பார்த்துக்கொண்டு போங்கள். 'டொம் டொம்' என்று சத்தம் வருகிற இடத்தில் பூச்சு செங்கல்லை விட்டு நகர்ந்திருக்கும். அந்த இடத்தை மட்டும் உடைத்துப் பூச வேண்டும். இது எல்லாம் உங்கள் வீட்டு ஆட்களே செய்யலாம், கூலி மிச்சம்.

அடுத்து உங்கள் கணக்கு. சதுர அடி சரி, நீளம்தான் உதைக்கும். 12-க்கு 18 என்று கடையில் சொல்வது 300-க்கு 450 மில்லி டைல்ஸ். அதாவது ஒவ்வொரு டைல்ஸும் 12 அங்குலத்துக்கு ஒன்றரை நூல் குறைவு (ஓர் அங்குலத்துக்கு எட்டு நூல்). 8 டைல்ஸை நின்ற வாக்கில் வரிசையாக வைத்தால் 12 நூல் குறையும், ஒன்றரை அங்குலம். நடுவில் 7 ஜாயின்ட் வரும், ஒவ்வொன்றும் அரை நூல் விட்டால் மூன்றரை நூல் அதில் போகும். மிச்சம் எட்டரை நூல், ஓர் அங்குலத்துக்குக் கொஞ்சம் கூடுதல். அந்த ஓர் அங்குல இடைவெளி ஏதாவது ஒரு மூலையில் வந்து நிற்கும். எந்த மூலையில் நிறுத்தினால் கண்ணுக்குப் படாதோ அங்கே நிறுத்துவதுதான் கொத்தனாரின் வேலை. பல பேர் ஜாயின்டை எல்லாம் அகட்டி அதைச் சாப்பிடப் பார்ப்பார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். ஜாயின்ட் அகலமாக ஆக, உங்களுக்குத் துடைக்கிற வேலைதான் கூடும்.

உயரம் பிரச்சினையே இல்லை. கீழே 6 அங்குலக் கிரானைட், அதன் மேல் டைல்ஸ். 2 அடிக்கு இரண்டு நூல்தான் குறையும், அது ஜாயின்டிலும் மேல் ஓரப் பட்டியிலும் அடங்கிவிடும்.

ஆனால் கிரானைட்டில் ஒரு விஷயம் இருக்கிறது. மேடைக்குப் போடுகிற கிரானைட் 18 மில்லி கனம் இருக்கும், சுவர் டைல்ஸ் 8 மில்லிக்கு மேல் வராது. இரண்டையும் ஒரே சுவரில் ஒட்டினால் கிரானைட் மூன்று நூல் வெளியே துருத்தும். அந்தத் திட்டில் மாவும் எண்ணெயும் சேர்ந்து களியாகப் படியும், தினமும் கத்தி முனையை வைத்து நீங்கள்தான் சுரண்ட வேண்டும். அதனால் மேடையிலிருந்து 6 அங்குலம் வரைக்கும் பூச்சை மூன்று நூல் ஆழம் கூடுதலாகக் கொத்தி எடுத்துவிடச் சொல்லுங்கள். உள் பூச்சு சாதாரணமாக அரை அங்குலம் இருக்கும், அதனால் தாங்கும். கிரானைட் அந்தப் பள்ளத்தில் உட்கார்ந்தால் மேலே இருக்கிற டைல்ஸோடு சமமாக வந்துவிடும். வெளியில் தெரிகிற மேல் விளிம்பு சொரசொரப்பாக இருந்தால் கிரானைட் கடையில் கொடுத்து ஒரு தேய்ப்புத் தேய்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒட்டுவதற்கு இரண்டு வழி. சிமெண்டில் ஒட்டுவதென்றால் சுவர் டைல்ஸை முதல் நாளே தண்ணீரில் ஊறப் போட வேண்டும், முட்டை முட்டையாகக் குமிழ் வருவது நின்ற பிறகே எடுக்க வேண்டும். இல்லையென்றால் சிமெண்டில் இருக்கும் தண்ணீரை டைல்ஸ் உறிஞ்சிக்கொள்ளும், பிடி விட்டுப் போகும். டைல்ஸ் கம் வாங்கினால் ஊறப் போடவே கூடாது, பின்பக்கத் தூசியை ஈரத்துணியால் துடைத்தால் போதும். தரை டைல்ஸ் தண்ணீர் குடிக்காத ஜாதி, வெறும் சிமெண்டில் நிற்காது. அதைச் சுவரில் ஏற்றுவதாக இருந்தால் கம் கட்டாயம், அதிலும் மூட்டையில் டைப் 2 என்று போட்டது. 20 கிலோ மூட்டை 50 சதுர அடிக்குக் குறையாமல் வரும். உங்களுக்குக் கொத்திய சுவர் என்பதால் கொஞ்சம் கூடுதலாக இழுக்கும், ஆனாலும் பாதி மூட்டை தாண்டாது. முதலில் அண்ணன் வீட்டில் வேலை செய்தவரிடம் அரை மூட்டை மிச்சம் இருக்கிறதா என்று கேளுங்கள். கையில் எடுத்து நசுக்கினால் மாவாக உதிர வேண்டும், கட்டி தட்டியிருந்தால் வேண்டாம்.

காசு மிச்சம் பிடிக்கிற இடம் இதெல்லாம். காசு போட வேண்டிய இடம் ஜாயின்ட். ஒயிட் சிமெண்ட் வைத்து நிரப்பாதீர்கள். மஞ்சள் பொடி பட்டால் ஆரத்தித் தண்ணீர் மாதிரி சிவந்துவிடும். ஆரத்தியிலும் மஞ்சளும் சுண்ணாம்பும்தானே, சிமெண்டுக்கும் அதே காரக் குணம்தான். எண்ணெயும் உள்ளே ஊறிக் கறுக்கும். ஜாயின்டில் நிரப்ப எபாக்ஸி க்ரவுட் ஒரு கிலோ டப்பா வாங்குங்கள். விலை கூடத்தான், ஆனால் உங்களுக்கு அந்த ஒரு டப்பாவே அதிகம்.

நாகலூர் காபி

ஏற்காட்டிலிருந்து எழுதுகிறேன். அந்தச் சாக்கு மூட்டையைப் பற்றி யாருமே பேசவில்லையே! அதுதான் சுவாரசியமான சாமான். இங்கே மலையில் தங்கும் விடுதிகள் கட்டிக்கொண்டே இருக்கிறார்கள், மிச்சம் உடைசல் எல்லாம் ரோட்டோரம் கொட்டிக் கிடக்கும். கேட்டு எடுத்து வந்து எங்கள் வீட்டில் பாத்திரம் கழுவும் தொட்டிக்குப் பின்னால் துண்டு துண்டாகப் பதித்தேன். கீழே சேலத்தில் மொட்டை மாடிக்கு வெள்ளை உடைசலைப் பதிப்பார்களே, அதே வேலைதான், சுவரில்.

செய்முறை இதுதான். பெரிய துண்டுகளைச் சாக்குக்குள் போட்டபடியே மேலிருந்து சுத்தியலால் தட்டுங்கள், சில்லு கண்ணில் தெறிக்காது. தீப்பெட்டி அளவு வந்தால் போதும். தரையில் ஒரு பழைய செய்தித்தாளை விரித்து, சுவரின் அளவுக்குக் கோடு போட்டு, அதற்குள் முதலில் அடுக்கிப் பாருங்கள். கம்பெனி வெட்டு உள்ள நேரான ஓரம் எல்லாம் வெளிப் பக்கம் பார்க்க வேண்டும், உடைந்த ஓரம் உள்ளே. கனம் வேறு வேறாக இருக்கும் என்பதால் மெல்லிய துண்டுக்குப் பின்னால் கம் கூடுதலாக வைத்து, ஒரு மட்டப் பலகையை மேலே வைத்து மெதுவாக அழுத்தினால் எல்லாம் ஒரே சமத்துக்கு வரும். கையுறை போடாமல் தொடாதீர்கள், கிளேஸ் ஓரம் பிளேடு.

எங்கள் மலை 1,500 மீட்டர் உயரம். ஐப்பசி கார்த்திகையில் பனிமூட்டம் வீட்டுக்குள்ளேயே வந்து உட்காரும். பூச்சு காயவே காயாது, ஒட்டியதற்கு மறுவாரமும் ஜாயின்ட் ஈரமாகவே இருந்தது. உங்களுக்கு அந்தக் கவலை கிடையாது. சேலம் வெயிலுக்கு ஆனி மாதத்தில் ஒட்டினால், கம் சீக்கிரம் இறுகிவிடுமே என்றுதான் கவலைப்பட வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்குங்கள்.

ஆனால் அடுப்புக்குப் பின்னால் இதைச் செய்யச் சொல்ல மாட்டேன். துண்டு வேலை என்றால் பாதிச் சுவர் ஜாயின்ட்தான். பாத்திரத் தொட்டிக்கு அழகு, வாணலிக்கு வேலைப்பளு.

இரும்பாலை ரோடு

ஓட்டல் அடுப்படிக்கு மேஜை, தொட்டி, புகைக்கூண்டு செய்கிற பட்டறை எங்களுடையது. அக்கா, நீங்கள் வைத்திருப்பது வீட்டு அடுப்படி இல்லை, சின்ன ஓட்டல் அடுப்படி. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் உருட்டுகிற ஊரில் இருந்துகொண்டு எண்ணெய்ச் சுவருக்கு டைல்ஸ் தேடுகிறீர்களே! எந்த ஓட்டலிலும் போண்டா அடுப்புக்குப் பின்னால் எட்டிப் பாருங்கள், தகடுதான் இருக்கும். ஜாயின்டே கிடையாது. சோப்புத் தண்ணீர் துணி ஓர் இழுப்பு இழுத்தால் முடிந்தது.

இன்னொன்று, 2 அடி உங்களுக்குப் போதாது. வாணலி அடுப்பின் மேல் ஏறியதும் அதன் வாயே மேடையிலிருந்து ஓர் அடி உயரத்தில் இருக்கும். தெறிப்பு அங்கிருந்துதான் கிளம்பும். மற்ற இடத்துக்கு 2 அடி சரி, அடுப்புக்குப் பின்னால் மூன்றரை அடியாவது மூடுங்கள்.

அதற்கு 3-க்கு 3 அடித் தகடு ஒன்று போதும். என்னைப் போன்ற பட்டறைகளில் வெட்டி மிஞ்சிய துண்டு கிடக்கும், எடைக்குக் கொடுப்பார்கள். ஒரு மில்லிக்கும் குறைவான கனம் போதும், மொத்தமே 6, 7 கிலோவுக்குள்தான் வரும். வாங்கும்போது ஒரு காந்தம் எடுத்துப் போங்கள். பலமாக ஒட்டினால் அது 400 வகைத் தகடு. உப்பும் புளியும் படுகிற இடத்தில் நாளாக நாளாகப் புள்ளிப் புள்ளியாகத் துரு எட்டிப் பார்க்கும். ஒட்டாதது 200, 300 வகை. அதில் 304 கிடைத்தால் விடாதீர்கள். வீட்டிலேயே பழைய தகடு ஏதாவது இருந்தாலும் சொல்லுங்கள், பார்க்கலாம்.

தட்டுவடை அக்கா, அம்மாபேட்டை

தம்பி, நல்லதைக் கேட்டீர்கள். எங்கள் பழைய தள்ளுவண்டியின் மேல் தகடு மாடியில் சாய்த்து வைத்திருக்கிறது! கடை பிடித்த பிறகு வண்டியைப் பிரித்துச் சக்கரத்தையும் சட்டத்தையும் விற்றுவிட்டோம், தகட்டை விற்க வீட்டுக்காரருக்கு மனசு வரவில்லை. 4-க்கு 3 இருக்கும். காந்தம் வைத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை. கீறல் நிறைய இருக்கிறது, நாலு மூலையிலும் ஸ்க்ரூ ஓட்டை, ஓரம் கீழ்ப்பக்கமாக ஓர் அங்குலம் மடித்திருக்கிறது. அடுப்பு சுவரின் வலது மூலையில் இருக்கிறது, 3 அடி இடத்துக்குள் அடங்கும். மிக்ஸிக்குப் போட்ட பிளக் பாயின்ட் இடது பக்கம், மேடையிலிருந்து ஓர் அடி உயரத்தில்.

அப்படியானால் 3 அடி தகடு, மிச்சம் 5 அடிக்குச் சந்தனக் கலர் ஐந்து டைல்ஸ். கப்பு சாஸரே தேவைப்படாது போலிருக்கிறதே! ரசமட்டம் அண்ணா, இது சரிவருமா? அத்தையிடம் இன்னும் சொல்லவில்லை.

இரும்பாலை ரோடு

அருமையான தகடு. மடிப்பில் பாதியை வெட்டி எடுத்துவிட்டு, மிச்ச அரை அங்குலத்தைத் தட்டையாக மடக்கி அடித்துத் தரச் சொல்லுங்கள், கையைக் கிழிக்காது. கீறலைப் பற்றிக் கவலை வேண்டாம். ஒரே வாட்டத்தில் எமரி பேப்பர் போட்டு இழுத்தால் பட்டறையில் புதிதாக வந்த மாதிரி மேட் ஆகிவிடும். வட்டமாகத் தேய்த்தால் மட்டும் அசிங்கமாகிவிடும். மாட்டிய பிறகு இரும்பு நார் வைத்துத் தேய்க்காதீர்கள், அந்த இரும்புத் துகள் ஒட்டிக்கொண்டு அதுதான் துருப்பிடிக்கும், பழி தகட்டின் மேல் விழும்.

தகட்டின் பின்னால் காலியாக விடக் கூடாது. கரண்டி பட்டாலே தகர டப்பா சத்தம் கேட்கும், அந்தச் சந்தில் கரப்பானும் குடியேறும்.

ரசமட்டம், கொண்டலாம்பட்டி

தகட்டுத் தம்பி சொல்வது சரி. நானும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். டைல்ஸும் கம்மும் சேர்ந்து சுவரிலிருந்து மூன்று நூலுக்கு மேல் வெளியே வரும். தகடு ஒரு மில்லி கூட இல்லை. தகட்டை நேராகச் சுவரில் அடித்தால் அது குழிக்குள் கிடக்கும், டைல்ஸின் ஓரம் பக்கத்தில் படிக்கட்டாக நிற்கும்.

அதனால் கப்பு சாஸருக்கு வேலை இருக்கிறது, தங்கச்சி. எட்டு டைல்ஸையும் ஒட்டுங்கள். இடது மூலையில் ஆரம்பித்துச் சந்தனக் கலர் ஐந்து, அதன் பிறகு கப்பு சாஸர் மூன்று. வலது மூலையில் நான் சொன்ன ஓர் அங்குலம் காலியாக நிற்கும், நிற்கட்டும். கப்பு சாஸருக்கு மேலே ஒன்றரை அடி உயரத்துக்குச் சாக்கில் இருக்கும் உடைசல் சுவர் டைல்ஸைக் கண்ட மேனிக்கு ஒட்டி, மட்டத்துக்குக் கொண்டுவந்தால் போதும், அழகு பார்க்க வேண்டாம். தரை டைல்ஸ் துண்டு ஒன்று இரண்டு சேர்ந்தாலும் டைப் 2 கம் என்றால் பயமில்லை. இரண்டு நாள் காய்ந்த பிறகு மேலே தகட்டை ஏற்றுங்கள். தகடு 3 அடி 1 அங்குல அகலம், 3 அடி உயரம் இருக்கட்டும். வலது மூலையிலிருந்து வைத்தால் அந்த ஓர் அங்குலச் சந்தையும் மூடும், இடது பக்கம் சந்தனக் கலர் டைல்ஸின் மேல் கால் அங்குலத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக ஏறியும் உட்காரும். மேல் ஓரம் மேடையிலிருந்து மூன்றரை அடிக்கு வரும். தகட்டுத் தம்பி கேட்ட அதே அளவு.

பிடிமானத்துக்குப் பின்னால் சிலிக்கான் பொட்டுப் பொட்டாக வைத்து அழுத்துங்கள், மேல் ஓரத்தில் மட்டும் இரண்டு மூன்று ஸ்க்ரூ பிளக் அடித்து முடுக்குங்கள். சுற்று ஓரம் முழுக்கச் சிலிக்கான் ஒரு கோடு இழுத்துவிட்டால் எண்ணெய் உள்ளே போகாது. தகடு சூட்டில் கொஞ்சம் நீளும், சிலிக்கான் அதற்கு இடம் கொடுக்கும், சிமெண்ட் கொடுக்காது.

பிளக் பாயின்ட்தான் உங்கள் வேலையிலேயே ஆபத்தான இடம். சந்தனக் கலரில் உங்களிடம் ஐந்துதான் இருக்கிறது, உபரி ஒன்றும் இல்லை. எதையும் ஒட்டுவதற்கு முன்னால் அந்தப் பெட்டி ஓட்டையை முதலில் வெட்டச் சொல்லுங்கள். தரையில் ஐந்தையும் அடுக்கி, பெட்டி ஒரு டைல்ஸின் நடுவில் வருகிறதா, ஜாயின்டில் வருகிறதா பாருங்கள். நடுவில் வந்தால் நாலு மூலையிலும் டிரில் போட்டுவிட்டு அப்புறம் கட்டிங் மெஷின் ஓட்ட வேண்டும். மூலை டிரில் இல்லாமல் வெட்டினால் அந்த மூலையிலிருந்துதான் விரிசல் ஓடும். மெயினை அணைத்துவிட்டுத்தான் பெட்டியைக் கழற்ற வேண்டும். தகடு அந்தப் பக்கமே வரக் கூடாது. உங்களுடையது எதிர் மூலை, நல்லதாகப் போயிற்று.

இன்னொன்று கேட்காமலே சொல்கிறேன். உங்கள் மேடை கடப்பா கல் என்றீர்கள். அது சுண்ணாம்பு ஜாதி, எலுமிச்சம்பழமும் புளிக்கரைசலும் பட்ட இடம் வெளுத்து மங்கியிருக்கும். சுவரைக் கழுவுகிறேன் என்று ஆசிட் கொண்டுவந்து ஊற்றிவிடாதீர்கள், மேடை போய்விடும். டைல்ஸ் வேலை முடிந்ததும் ஆசிட் அடித்துக் கழுவுகிற பழக்கம் நிறையக் கொத்தனாருக்கு உண்டு, முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

நாகலூர் காபி

அவ்வளவு உடைசலும் தகட்டுக்குப் பின்னால் போகப்போகிறதா! சரி, கொஞ்சமாவது மிச்சம் வைத்துத் தண்ணீர் இடத்தில் பதியுங்கள் அக்கா.

தட்டுவடை அக்கா, அம்மாபேட்டை

அத்தையிடம் சொல்லியாயிற்று. "கப்பு சாஸரைக் காசு கொடுத்து வாங்கினது தகட்டுக்குப் பின்னால் ஒளிக்கவா?" என்று ஒரே சத்தம். காசு கொடுத்தது அண்ணன் என்பதை நான் சொல்லவில்லை. மூலை உடைந்த 2-க்கு 2 தரை டைல்ஸை வெட்டினால் ஒன்றரை அடி உயரத்தில் ஒரு துண்டு வரும் இல்லையா? உடைந்த மூலையைத் தள்ளிவிட்டு ஓர் அடி அகலத்தை எடுத்துக் கப்பு சாஸர் ஒன்றுக்குப் பதில் தகட்டுக்குப் பின்னால் வைத்துவிடலாம் என்று வீட்டுக்காரர் சொல்கிறார். மிஞ்சுகிற கப்பு சாஸரைத் தண்ணீர்க் குடம் வைக்கும் மாடத்தில் பதித்து, சுற்றிலும் நாகலூர் தம்பி சொன்ன மாதிரி உடைசல். அத்தை சம்மதித்துவிட்டார்.

கம் அரை மூட்டை அண்ணன் வீட்டில் கட்டி தட்டாமல் இருக்கிறது, டைப் 2 என்றுதான் போட்டிருக்கிறது. வாங்க வேண்டியது எபாக்ஸி டப்பா, சிலிக்கான், ஸ்க்ரூ. பட்டறையில் தகடு வெட்டி மடிக்க ஒரு தொகை, கொத்தனாருக்கு ஒரு நாள் கூலி. 3,000-க்குள் முட்டி மோதி வந்துவிடும். கொத்தும் வேலையை அவரும் என் பையனும் ஞாயிற்றுக்கிழமை ஆரம்பிக்கிறார்கள்.

ஒன்று மட்டும் கேட்கிறேன் அண்ணா. ஒட்டிய பிறகு எத்தனை நாள் அடுப்பு பற்றவைக்கக் கூடாது? கடைக்கு லீவு விட முடியாது.

ரசமட்டம், கொண்டலாம்பட்டி

வெட்டின தரை டைல்ஸ் வைக்கலாம், தாராளமாக. ஆனால் அது சுவர் டைல்ஸைவிடக் கொஞ்சம் கனம் கூடுதலாக இருக்கலாம். அந்த இடத்தில் கம்மை மெலிதாகப் பூசச் சொல்லுங்கள், இல்லையென்றால் தகடு நடுவில் தூக்கும்.

ஒட்டிய மறுநாள்தான் க்ரவுட் போட வேண்டும். எபாக்ஸி இறுக இன்னும் ஒரு நாள், தகடும் சிலிக்கானும் அதற்கு அடுத்த நாள். அந்த நாலு நாளைக்கு வாணலியைப் பின்கட்டுக்குக் கொண்டுபோய்விடுங்கள். காபி போடுவது, சோறு வடிப்பது எல்லாம் மூன்றாம் நாளிலிருந்து செய்யலாம், தாளிக்காமல். கேஸ் டியூப் நீளம் போதாது என்று இழுத்து முறுக்காதீர்கள். பின்கட்டுக்கு அடுப்போடு சிலிண்டரையும் சேர்த்தே நகர்த்துங்கள்.

தட்டுவடை அக்கா, அம்மாபேட்டை

சரி அண்ணா. பின்கட்டில் விறகு அடுப்பே இருக்கிறது, அதில் பொரித்துக்கொள்கிறேன். வேலை நடக்கும்போது போட்டோ போடுகிறேன். இரும்பாலை ரோடு தம்பி, உங்கள் பட்டறைக்கே தகட்டைக் கொண்டுவரட்டுமா? தனிச் செய்தியில் வழி சொல்லுங்கள். தட்டுவடை செட் இரண்டு பொட்டலம் கையோடு கொண்டுவருகிறேன், ஒன்று பூண்டுக் காரம் தூக்கலாக.